ஆலயக் கூரைக்குப் பணம் திரட்ட, கவர் கொடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி இது: 120 குடும்பங்கள் உள்ள சபை, ஆலயக் கூரை ஒழுகுகிறது, ஆறு லட்சம் வேண்டும், காணிக்கைக் கவர் கொடுத்துக் கொடுத்து எல்லோருக்கும் சலித்துவிட்டது, புதுசாக என்ன செய்யலாம்?

நான் தூத்துக்குடிப் பக்கம். தென்னிந்திய திருச்சபையில்தான் வளர்ந்தேன், சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) கொஞ்சகாலம் கணக்கும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கவர் முறையில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு: கையில் ரொக்கம் இருக்கிறவர் மட்டும்தான் அதில் கொடுக்க முடியும். பிள்ளைகள் மும்பையில் வேலை பார்க்கிற வீடும், பீடி சுற்றுகிற வீடும் அதே கவரைத்தான் வாங்குகின்றன. மூன்றாவது கவர் வரும்போது இரண்டாவது வீட்டுக்காரர் ஆராதனைக்கே வராமல் நின்றுவிடுவார், ஐயரும் (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று பிரசங்கம் பண்ணுவார். அதனால் எந்த யோசனை வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான், காசில்லாதவர் இதில் எதைக் கொண்டுவருவார்?

இந்தக் கேள்வியை நம் ஊர்ப் பக்கம் என்றைக்கோ கேட்டுவிட்டார்கள், அதுதான் அறுப்பின் பண்டிகை ஏலம், விளைந்ததையும் வீட்டில் உள்ளதையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவது. உங்கள் சபையிலும் இருக்கும், ஆனால் ஒப்புக்கு நடக்கும் என்று நினைக்கிறேன். ஒழுங்காக நடத்தினால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் மேசை போட்டு, பூசணிக்காய், வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல், யாரோ சுட்டுக் கொண்டுவந்த கேக் எல்லாம் வரிசையாக இருக்கும். வீட்டுக் கோழி இட்ட ஒரே ஒரு முட்டையை ஒரு பாட்டி கொண்டுவந்து வைப்பார். அந்த முட்டை பத்து ரூபாயில் தொடங்கும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று கூப்பிடுகிறவர் இழுக்க இழுக்க ஐம்பது, நூறு என்று ஏறும், எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டு "திரும்ப ஏலத்துக்கு விடுங்க" என்பார், மறுபடியும் பத்திலிருந்து தொடங்கும். நாலைந்து சுற்றுப் போய்க் கடைசியில் யார் வீட்டுக்கோ ஆம்லெட்டாகப் போகும்போது அந்த முட்டை ஒரு மூட்டை சிமெண்டுக்கான பணத்தைச் சேர்த்திருக்கும். பாட்டி கொடுத்தது ஒரு முட்டைதான், ஆனால் அவர் கண் முன்னாலேயே அது அவ்வளவு ஆகிறது. கவரில் அந்தச் சந்தோஷம் கிடையாது.

ஏலத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கூப்பிடுகிற ஆள் வாய் உள்ளவராக, எல்லோர் குடும்பமும் தெரிந்தவராக, அதே சமயம் யாரையும் குத்திக் காட்டாதவராக இருக்க வேண்டும், இப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் அவரைக் கமிட்டி எலெக்‌ஷன் சண்டையில் இழந்துவிடாதீர்கள். இரண்டாவது, ஏலக் கடன். உற்சாகத்தில் ஐயாயிரத்துக்கு எடுத்துவிட்டு ஆறு மாதம் இழுப்பார்கள், பிறகு பாக்கி வைத்தவர் பெயரை ஆலயத்தில் வாசிப்பார்கள், அதோடு ஒரு குடும்பம் போய்விடும். மேசையிலேயே ஜிபே அட்டையை வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளை வாட்ஸ்அப் வீடியோவில் சேர்த்துக்கொண்டால் அவர்களும் சித்தி செய்த அதிரசத்துக்குப் போட்டி போடுவார்கள்.

பிடி அரிசியும் பழைய விஷயம்தான். சமைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது, அதைச் சபைக்குக் கொண்டுவருவது. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ல் இதைத் தொடங்கி இன்றுவரை விடாமல் நடத்துகிறார்கள், அவர்களுடைய மிஷன் வேலைக்கு அது பெரிய வருமானம். நம் பக்கம் இதில் வருகிற நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். புழுங்கலையும் ரேஷன் அரிசியையும் மட்டும் தனியாக வாங்கி, உளுந்துக்குச் சங்கத்தில் காசு போட்டு, இட்லி மாவாக அரைத்துச் சனிக்கிழமை சாயங்காலம் ஆலய வாசலில் விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில் எந்த வீட்டில்தான் மாவு வேண்டாம் என்பார்கள்? மற்ற மதத்துக்காரர்களும் வந்து வாங்கினார்கள், மாவு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். தொடர்ந்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாலிபர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளிப் (ஞாயிறு வேத வகுப்பு) பிள்ளைகளுக்கும் தாலந்துத் திட்டம் பொருந்தும். பைபிளில் மத்தேயு 25ல் எஜமான் ஊழியக்காரரிடம் தாலந்து என்கிற பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அதேதான். ஆளுக்கு நூறு ரூபாய் சபை கொடுக்கும், இரண்டு மாதம் கழித்து அதைப் பெருக்கிக் கொண்டுவர வேண்டும். கீரை விதை வாங்கிப் போடலாம், எலுமிச்சை வாங்கி ஊறுகாய் போடலாம், பையன்கள் பைக் கழுவலாம். நூறு ரூபாயைத் தொடாமல் வைத்திருந்து, கடைசி வாரம் அப்பாவிடம் ஆயிரம் வாங்கிக் கவரில் போடுகிற பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் எப்படிச் சம்பாதித்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுகளை வாசிப்பதே ஒரு தனி நிகழ்ச்சி.

சரி, பெரிய தொகைக்கு வருவோம். மேலே சொன்னவற்றில் ஆறு லட்சமும் வந்துவிடாது, நேரடி நன்கொடையும் வேண்டும்தான். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். கூரை 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம், ஒரு சதுர அடிக்கு 250 ரூபாய் ஆகிறது. வாசலில் ஒரு பெரிய அட்டையில் 2,400 கட்டம் போட்டு, வாராவாரம் வந்த பணத்துக்கு ஏற்ப பிள்ளைகளை விட்டு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். கட்டத்தில் பெயர் எழுதாதீர்கள். ஒரு கட்டம் கொடுத்தவரும் நூறு கட்டம் கொடுத்தவரும் ஒரே நிறம்.

பெயர் விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். திருநெல்வேலிப் பக்கம் உள்ள டோனாவூர் என்ற ஊர்ப் பெயரே 1827ல் மிஷனரி ரேனியஸ் ஐயருக்குப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயர்தானே என்பார்கள். நெகேமியா 3ஆம் அதிகாரம் முழுக்க எருசலேம் அலங்கத்தை (மதிலை) யார் யார் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்ற பட்டியல்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் வேலை செய்தவர்களுடையது, தட்டானும் தைலக்காரனும் சல்லூமும் அவன் குமாரத்திகளும் அதில் இருக்கிறார்கள், தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு கல்வெட்டு வைப்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

செய்யக் கூடாதவை சில. குலுக்கல் சீட்டு விற்காதீர்கள், தமிழ்நாட்டில் 2003லிருந்து லாட்டரிக்குத் தடை, பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979லேயே சட்டம் இருக்கிறது, "கோயிலுக்குத்தானே" என்பது பதிலாகாது. அசனம் என்கிற சபை விருந்தை வருமான வழியாக்காதீர்கள். ஆடும் அரிசியும் ஊரே கொண்டுவந்து போட்டு எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிற நாள் அது, அங்கே டோக்கன் வைத்தால் ஓட்டலுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பிரியாணி விற்க வேண்டுமென்றால் வேறொரு ஞாயிறு, முன்பதிவு, பார்சல் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்கும்போது ஒன்று பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கிறவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். சபைக் கணக்கில் நேராகப் போட வைத்துவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள், பிஷப்பின் திருமண்டல அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு காண்டிராக்டரிடமாவது எஸ்டிமேட் எழுதி வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே வரவு, செலவு, ஏல வரவு, மாவு வரவு எல்லாம் வாராவாரம். எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால் கேட்காமலே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கூரையில் ஆள் ஏற்ற முடியாது, அதனால் மாவும் தாலந்தும் கோடை லீவிலேயே தொடங்கட்டும், ஆவணிக்குள் பாதிப் பணம் கையில் இருந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம், மீதியை ஏலம் பார்த்துக்கொள்ளும்.