சைக்கிள் கேள்வி பதில்: மச்சான் பேச்சும் ஆடிக் காற்றும்

கேள்வி: அண்ணா, 12,000 ரூபாய்க்குள் 20 இஞ்ச் மடக்கு சைக்கிள் ஒன்று வாங்கினேன். கியர் கிடையாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை மிதித்து, அங்கே மடக்கி பஸ்ஸில் ஏற்றி, கோயம்புத்தூர் உக்கடத்தில் இறங்கி மறுபடி மிதித்து வேலைக்குப் போவதாகத் திட்டம். முதல் ஓட்டத்திலேயே ஹேண்டில் வெடவெடவென்று ஆடுகிறது. கால் சுற்றுகிற வேகத்துக்கு வண்டி நகரவில்லை. நடுவில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். பெரிய பல்சக்கரம் போடு, கியர் மாட்டு என்கிறார் மச்சான். எதில் தொடங்கட்டும்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மச்சான் பேச்சை ஆடி மாதம் கழியும் வரை தள்ளிவையுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சத்தத்தைப் பார்ப்போம். மடக்கு சைக்கிளில் உயிர் இருப்பது இரண்டு கீல்களில்தான்: ஒன்று ஃபிரேமின் நடுவில், இன்னொன்று ஹேண்டில் தண்டின் அடியில்.

நடுக்கீலைத் திறந்து, இரண்டு முகங்களிலும் ஒட்டியிருக்கும் மண்ணைத் துணியால் துடையுங்கள். கீலின் ஆணிக்கு மட்டும் துளி கிரீஸ். பிறகு பூட்டும் லீவரை அழுத்துங்கள். உள்ளங்கை வைத்து அழுத்தினால்தான் மூட வேண்டும். ஒற்றை விரலில் மூடினால் லூஸ் என்று அர்த்தம். அங்கே இருக்கும் நட்டைக் கால் சுற்று முறுக்குங்கள். அப்புறம் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஹேண்டில் கீலின் மேல் விரலை வையுங்கள். ஆட்டம் கீலில் இருக்கிறதா, கோன் செட்டில் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் முடிபோல வெடித்திருந்தால் ஓட்டவே கூடாது. பக்கத்து லேத்தில் பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள், தராதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஹேண்டில் ஆடுகிறதென்றால் அது கோளாறல்ல. சக்கரம் சின்னது, கை லேசாக அசைந்தாலே திரும்பும். கொஞ்ச நாளில் பழகிவிடும். ஒரு கையை விட்டு சிக்னல் காட்டுவதை மட்டும் ஆளில்லாத ரோட்டில் பழகிக்கொண்டு உக்கடம் போங்கள். மேட்டில் எழுந்து நின்று ஹேண்டிலை இழுத்து மிதிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நீளத் தண்டு அதற்காகச் செய்ததல்ல.

இனி செலவு. காசு கொடுப்பதற்கு முன்னால் காற்று. சின்ன டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு ‘போதும்’ என்று கடைக்காரர் சொல்வது இதற்குப் போதாது. டயரின் ஓரத்தில் அளவு அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள். மீட்டர் வைத்த பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவே பாதி வண்டியை மாற்றிவிடும். டயர் தேய்ந்ததும், 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு)க்கு மேல் தாங்குகிற, வழவழப்பான ரோட்டு டயராகப் போடுங்கள்.

அடுத்தது பிரேக் கட்டை. விலை மலிந்த வண்டிகளோடு வருவது பெரும்பாலும் கல்லுமாதிரி இருக்கும். உங்களுடையது பளபளக்கும் குரோம் இரும்பு ரிம் என்றால் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நனைந்ததும் பிரேக் சறுக்கும். அலுமினிய ரிம்மாக இருந்தால் பயம் குறைவு. அதற்கப்புறம் சீட். சீட் தண்டை மடக்கும்போதெல்லாம் இறக்குவீர்கள், ஆகவே சரியான உயரத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதே தண்டில் கம்பெனி போட்ட கடைசிக் கோடு ஒன்றும் இருக்கும். அது ஒருநாளும் வெளியே தெரியக் கூடாது.

இப்போது மச்சானுக்கு வருவோம். முன்னால் 44 பல், பின்னால் 16 என்றால், இந்தச் சக்கரத்தில் ஒரு மிதிக்கு நாலேகால் மீட்டர் போவீர்கள். பழைய 28 இஞ்ச் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். கால் சும்மா சுற்றுவதாகத் தோன்றுவது இதனால்தான். முன்னால் 52 பல் போட்டால் ஐந்து மீட்டர் வந்துவிடும், உண்மைதான். ஆனால் நாம் குடியிருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு. மேற்கிலிருந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று அதில் புகுந்து கிழக்கே போகிறது. ஆடியோ அம்மியே பறக்கும் என்கிற மாதம். காலையில் அது உங்களை வேலந்தாவளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும், சந்தோஷமாக இருக்கும். சாயந்திரம் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் நிற்கும். அப்போது 44 பல்லுக்கு நன்றி சொல்வீர்கள். ஆடி கழிந்தும் ஆசை இருந்தால் மாற்றுங்கள்.

கியர் மாட்டுவது வேறு கதை. கியரில்லாத வண்டியில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளியே குறுகலானது. ஹப், சக்கரம், செயின் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காசுக்குக் கியர் வண்டியே வாங்கலாம். மொத்தத்தில் வண்டி விலையின் கால்பங்குக்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

பஸ் விஷயம்: செயின் பக்கம் உள்ளே இருக்கும்படி மடக்கி, பழைய போர்வையாலோ பையாலோ மூடிவிடுங்கள். கிரீஸ் யார் வேட்டியிலாவது பட்டால் உக்கடம் வரை பேச்சு கேட்க வேண்டும். லக்கேஜ் டிக்கெட் கேட்டால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘20 இஞ்ச்’ என்று கேட்டு வாங்கிய டியூபும் டயரும் என் மடக்கு சைக்கிளில் உட்காரவில்லை. ஏன்?
— வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: 20 இஞ்சில் இரண்டு அளவு நடமாடுகிறது. டயர் ஓரத்தில் 406 என்று முடிந்தால் பிள்ளைகள் சைக்கிள் டயர், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 451 என்று இருந்தால் ஒல்லி டயர். கோயம்புத்தூரில் பெரிய கடையில்தான் விசாரிக்க வேண்டும். பழைய டயரைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: தோட்டத்திலிருந்து மாம்பழக் கூடையை மடக்கு சைக்கிளில் கொண்டு வரலாமா?
— வாசகர், முதலமடை

பதில்: பத்துக் கிலோ வரை பின் கேரியரில் கட்டலாம். சின்ன சக்கரம் என்பதால் பாரம் தாழ்வாக உட்காரும், அது நல்லதுதான். ஹேண்டிலில் பை மாட்டாதீர்கள். கூடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டுங்கள், இல்லையென்றால் குதிகால் இடிக்கும்.