இல்லாத கோபுரத்துக்கு ஒரு மைக்கூடு

கேள்வி: பிரபலமான கட்டடங்களின் வடிவில் வந்த பழைய மைக்கூடுகளைச் சேர்த்து வருகிறேன். தாத்தா வைத்திருந்த ஈபிள் கோபுரம்தான் முதலாவது. போன மாதம் கோணேசர் கோயில் வடிவில் ஒன்று வாங்கினேன். பித்தளை, 200 வருசப் பழசாம், 40,000 ரூபாய். இரண்டுக்கும் படம் அனுப்பியுள்ளேன். என்ன பெறும்?
– ஒரு வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: விலையை விடுங்கள். உவர்மலையில் இருந்துகொண்டு இதை எப்படி ஐயா நம்பினீர்கள்? 200 வருசத்துக்கு முன் கோணமலை உச்சியில் கோபுரம் ஏது? 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். நீங்கள் கோயிலுக்குப் போகும் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் செதுக்கிய கல் இன்னும் இருக்கிறது. இப்போதுள்ள கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததே 1963இல்தான். உங்கள் மைக்கூட்டை வார்த்தவர் முக்காலமும் உணர்ந்தவராக இருக்கவேண்டும்!

சரித்திரம் வேண்டாம் என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். அந்தக் கால மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது, புளிப்புத்தன்மை உள்ளது, உலோகத்தை அரித்துவிடும். அதனால் மைக்கூட்டின் வயிற்றுக்குள் கண்ணாடியிலோ பீங்கானிலோ ஒரு குட்டிக் கிண்ணம் வைப்பார்கள். தாத்தாவின் ஈபிளில் அது இருக்கிறது, விளிம்பில் காய்ந்த கறையோடு. கோணேசரில் கிண்ணமும் இல்லை, கறையும் இல்லை. வெறும் பித்தளைக் குழி, கழுவிவைத்த குங்குமச்சிமிழ் மாதிரி. குப்புறக் கவிழ்த்து எடுத்த படத்தில் இன்னும் வேடிக்கை: அடித்தட்டை முடுக்கியிருப்பது கூட்டல் குறி வெட்டிய ஸ்குரூ. அந்தத் தலைக்குப் பிலிப்ஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தது 1936இல்.

ஈபிளிலும் ஆசையை அளவோடு வையுங்கள். கோபுரம் 1889 கண்காட்சிக்கு எழுந்தது, அதற்கு முந்திய மைக்கூடு இருக்க வழியில்லை. பிந்தியது எத்தனையோ. மூலைகளில் சாம்பல் நிறம் தெரிவதைப் பார்த்தால் நாகக் கலவையில் வார்த்து வெண்கல நிறம் பூசியது போலிருக்கிறது. தயவுசெய்து பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சப் பூச்சும் போய்விடும்.

கோணேசரைத் தந்த கடைக்காரரிடம் போய், '200 வருசப் பழசு' என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். போடுகிறாரா பார்ப்போம்.