பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை; அப்புறம் இன்னொரு பெட் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. கல்லீரலில் நாலைந்து கட்டிகள் இருந்தன. பயாப்சியில் ‘நியூரோஎண்டோகிரைன் கட்டி, கிரேடு 1’ (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் புற்று, மெதுவாக வளரும் வகை) என்று வந்தது. பெட் ஸ்கேன் எடுத்தோம். ‘குறிப்பிடும்படியான ஈர்ப்பு இல்லை’ என்று ரிப்போர்ட். நிம்மதியாக இருந்த நேரத்தில், ‘கேலியம் டோட்டா’ என்று மறுபடியும் ஒரு பெட் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஒரே பரிசோதனைக்கு இரண்டு தடவை செலவு செய்ய வேண்டுமா?

பதில்: எடுத்துவிடுங்கள். இது அதே பரிசோதனை இல்லை. மெஷின் ஒன்றுதான், கையில் ஏற்றுகிற மருந்து வேறு. பெட் கேமராவுக்குப் புற்று எது, புண் எது என்று தெரியாது. ஏற்றிய கதிரியக்க மருந்து உடம்பில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும்தான் அது படம் பிடிக்கும்.

அப்பாவின் பழைய ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஸ்கேன் எடுத்த விதத்தைச் சொல்லும் பத்தியில் ‘எஃப்-18 எஃப்டிஜி’ என்று இருக்கும். பெரும்பாலும் பக்கத்திலேயே அன்றைய ரத்தச் சர்க்கரை அளவும் இருக்கும். எஃப்டிஜி என்பது குளுக்கோஸின் இன்னொரு வடிவம். வேகமாக வளரும் புற்று சர்க்கரையை அள்ளிக் குடிக்கும், அதனால் படத்தில் பளிச்சென்று தெரியும். நுரையீரல் புற்றுக்கும் பல வகை லிம்ஃபோமாவுக்கும் (நிணநீர்ப் புற்று) அதனால்தான் முதலில் அதை எழுதுகிறோம். கிரேடு 1 நியூரோஎண்டோகிரைன் கட்டி அப்படி இல்லை. அதில் கி-67 என்ற அளவு, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் விகிதம், 3 சதவீதத்துக்கும் கீழே. மெதுவாக வளர்வதால் சர்க்கரைத் தேவையும் குறைவு. பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லீரல் எவ்வளவு சர்க்கரை எடுக்கிறதோ அவ்வளவுதான் இதுவும் எடுக்கும். படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆகவே அந்த ரிப்போர்ட்டுக்கு ‘கட்டி இல்லை’ என்று அர்த்தம் இல்லை. ஊசி போட்டு எடுத்த சதையில் பார்த்ததை ஸ்கேன் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பணம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். இந்த வகைக் கட்டி எஃப்டிஜியில் மங்கலாக இருப்பது பொதுவாக நல்ல அறிகுறி. பளிச்சென்று தெரிந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் சோமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகள், அதாவது அந்தப் பெயருள்ள ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், நெருக்கமாக இருக்கும். கேலியம்-68 சேர்த்த டோட்டாடேட், டோட்டாநாக் போன்ற மருந்துகள் நேராகப் போய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் முக்கியமான கேள்வி இது: கல்லீரலுக்கு வந்தது எங்கிருந்து? பெரும்பாலும் சிறுகுடலிலோ கணையத்திலோ ஒரு சின்னக் கட்டி ஒளிந்திருக்கும். சிடி ஸ்கேனில் சிக்காத அந்த மூலத்தை டோட்டா பெட் பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த சிகிச்சையும் இதை வைத்துத்தான். கட்டியின் ஈர்ப்பைக் கல்லீரலோடும் மண்ணீரலோடும் ஒப்பிட்டு ‘கிரென்னிங் ஸ்கோர்’ தருவார்கள். கல்லீரலைவிட அதிகமாக, அதாவது 3 அல்லது 4 என்று வந்தால், தேவைப்படும்போது லுட்டீசியம்-177 டோட்டாடேட் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. படத்துக்குப் போகும் அதே மருந்தில் கேலியத்துக்குப் பதில் லுட்டீசியத்தைச் சேர்த்து, கட்டிக்குள்ளேயே கதிர்வீச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறை. அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்ற இந்தச் சிகிச்சை இந்தியாவிலும் கிடைக்கிறது.

அப்பாவுக்கு மாதம் ஒரு தடவை ஆக்ட்ரியோடைட் ஊசி (இந்தக் கட்டியைக் கட்டுப்படுத்தும் மருந்து) தொடங்கியாகிவிட்டதா? அப்படியானால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் ஸ்கேன் தேதியை வாங்குவது வழக்கம். மருந்தும் ஸ்கேனும் ஒரே ஏற்பிக்குப் போட்டி போடக் கூடாது என்பதற்காக. நீங்களாக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். எஃப்டிஜிக்கு வேண்டிய அளவு பட்டினி இதற்குத் தேவையில்லை என்றாலும், பெட்டோடு சேர்த்து எடுக்கும் சிடி-க்குத் தனியாக மருந்து ஏற்றுவதானால் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். கேலியம்-68 சுமார் 68 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் அன்று தயாரித்த மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. ஸ்கேன் முடிந்து நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். அன்றைக்குக் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருக்கட்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் படத்தை வைத்து நீங்களே பயந்துவிடாதீர்கள். மண்ணீரல், சிறுநீரகம், அட்ரினல், பிட்யூட்டரி எல்லாம் இதில் இயல்பாகவே ஒளிரும். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு மூலையும் சில பேருக்கு ஒளிரும், அது கட்டியாக இருக்கவேண்டியதில்லை. கணையத்தின் வால் அருகே துணை மண்ணீரல் ஒன்று உட்கார்ந்துகொண்டு அனுபவசாலிகளையே ஏமாற்றுவது உண்டு. பழைய சிடி, எம்ஆர்ஐ படங்களையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதற்குத்தான். வெறும் ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடும் வேண்டும்.

வேறு சில அரிய புற்றுகளிலும் இதே கதைதான். தைராய்டில் வரும் மெடுல்லரி வகைக்கு எஃப்-டோபா என்ற மருந்து எஃப்டிஜியைவிடப் பல நேரம் உதவும். வயிற்றில் வரும் சிக்னெட் ரிங் செல் வகை எஃப்டிஜியில் அடிக்கடி நழுவிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: காசநோய் நெறிக்கட்டி எஃப்டிஜியில் புற்றைப் போலவே ஜொலிக்கும். ஜொலித்ததற்காகப் பயாப்சி இல்லாமல் கீமோ தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

செலவைக் கேட்டிருந்தீர்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், பயாப்சி ரிப்போர்ட்டோடு ‘கேலியம் டோட்டா’ என்று பெயர் குறிப்பிட்டு டாக்டரிடம் கடிதம் வாங்கி முன்அனுமதி கேளுங்கள். வெறுமனே ‘பெட்’ என்று எழுதினால் ஒரு தடவை எடுத்தாயிற்றே என்று திருப்பிவிட வாய்ப்பு உண்டு. டோட்டாவில் கட்டி நன்றாகத் தெரிந்துவிட்டால், இனி ஒவ்வொரு தடவையும் இரண்டு பெட்டும் எடுக்க வேண்டியிருக்காது. கிரேடு 1-க்கு இடையிடையே சிடி அல்லது எம்ஆர்ஐ-யே பெரும்பாலும் போதும். கட்டி திடீரென்று வேகமெடுத்தாலோ, மறு பயாப்சியில் கி-67 ஏறியிருந்தாலோ மட்டும் எஃப்டிஜியை மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள்.