கட்டைவிரல் நேராகிவிட்டது, எப்போது ஓடலாம்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 42. ஒன்பது வருடங்களாக வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டில் விளையாடுவேன். வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து, உள்பக்க எலும்பு புடைத்து, ஷூ போட்டாலே வலி என்ற நிலைக்கு வந்ததால் ஐந்து வாரங்களுக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டேன். எலும்பை வெட்டி நேராக்கி இரண்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். இப்போது வலி இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கிவிடுகிறது. விரல் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, மடங்கவே மாட்டேன் என்கிறது. அதன் உள்பக்கம் மரத்தும் கிடக்கிறது. போன வாரம் வீட்டுக்குள் ஸ்பெஷல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன், வலிக்கவில்லை. எப்போது ஓடலாம்? சும்மா உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிறது. இடது காலிலும் லேசாகப் புடைத்திருக்கிறது. அதையும் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: செருப்பைக் கழற்றி நடந்ததாக எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வலிக்கவில்லை என்பது உங்களுக்கு நல்ல செய்தியாகத் தெரிகிறது. ஐந்தாவது வாரத்தில் இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். வெட்டிய எலும்பின் இரண்டு துண்டுகளையும் ஸ்க்ரூ அசையாமல் பிடித்திருப்பதால்தான் வலி இல்லை, எலும்பு ஒட்டி முடிந்துவிட்டதால் அல்ல. ஒட்டும் வேலை பாதியில் இருக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் பாரம் தாங்கும் ஸ்க்ரூவுக்கும் ஆகும். எலும்பு இறுகும்வரைதான் அதற்கு அங்கே வேலை. அதுவரை பாதத்தின் முன்பகுதியில் வளைக்கும் விசை போகாமல் தடுக்கத்தான் அந்த விறைப்பான செருப்பு. நடக்கும்போது வலிக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த நாள் கழற்றலாம் என்பதை உங்கள் சர்ஜன் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லட்டும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டி அந்த எக்ஸ்ரே எடுப்பார்கள். வீட்டுக்குள் நாலு அடிதானே, குளியலறைவரைதானே என்பதெல்லாம் கணக்கில் சேரும்.

(இந்தப் புடைப்புக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயர் நம் காதில் 'பனியன்' என்று விழும். பனியன் ஆபரேஷன் என்றதும் பேஷன்ட்டின் வீட்டார் முகத்தில் வரும் குழப்பத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே கட்டைவிரல் புடைப்பு என்றே வைத்துக்கொள்வோம்.)

சோம்பேறிகளை விட உங்களைப் போல ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நான் அதிகம் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. வலிக்கிற நாளில் எல்லோருமே உட்கார்ந்துவிடுவார்கள். கால் லேசாக, சுகமாக இருக்கிற நாளில்தான் தப்பு நடக்கும். என்னிடம் வந்த ஒருவர், உங்களைப் போலவே நல்ல ஓட்டக்காரர். பத்தாவது வாரம் ஒரு காலையில் கால் சுகமாக இருந்ததால் நேராக 5 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தார். நான்கு நாள் கழித்துப் பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரல் வைத்தால் துள்ளுகிற வலி. எக்ஸ்ரேயில் ஆபரேஷன் செய்த எலும்பு அழகாக ஒட்டியிருந்தது. உடைந்திருந்தது பக்கத்து எலும்பு! இரண்டாவது விரலுக்குப் போகிற நீள எலும்பில் முடி அளவுக்கு விரிசல். கட்டைவிரல் இன்னும் விறைப்பாக இருந்ததால் உடம்பு அதன்மேல் பாரம் போடாமல் பக்கத்து எலும்புமேல் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று மாதத்தில் ஓட வேண்டியவர் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் ஓடினார்.

ஆகவே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். எலும்பு காலண்டரைப் பார்த்து ஒட்டுகிறது, நீங்கள் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. புகைக்காமல் இருப்பது, வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்வது, தினமும் போதுமான புரதம் சாப்பிடுவது, இவ்வளவுதான் உங்களால் முடியும். ஆனால் விரலின் மூட்டும் கெண்டைக்கால் சதையும் காலண்டரைப் பார்க்காது. சும்மா விட்டால் விறைக்கும், சுருங்கும். உங்கள் பொறுமையின்மையை அங்கே காட்டுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணமாக நடக்கும்போதே, குதிகால் தூக்கி அடுத்த அடி வைக்கிற நொடியில் கட்டைவிரல் 40 டிகிரிக்கு மேல் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். ஓட்டத்தில், ஷட்டிலில் முன்னால் பாய்ந்து எடுக்கும்போது இன்னும் அதிகம் வேண்டும். மடங்காத விரலோடு ஓடினால் உடம்பு குறுக்குவழி தேடும். பாதத்தின் வெளிவிளிம்பில் ஊன்றும், முழங்காலைத் திருப்பும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எலும்பு ஒட்டிய பிறகும் போகாது. அதனால் சர்ஜன் சம்மதித்திருந்தால் இன்றைக்கே விரலை மடக்கத் தொடங்குங்கள். சம்மதித்தாரா என்று தெரியவில்லையா, போன் செய்து கேளுங்கள்.

மடக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விரல் நுனியைப் பிடித்து இழுப்பார்கள். அப்படிச் செய்தால் நகத்துக்குக் கீழே இருக்கிற சின்ன மூட்டுதான் மடங்கும், வேண்டிய மூட்டு அசையவே அசையாது. வலது காலை இடது தொடைமேல் போட்டு உட்காருங்கள். ஒரு கையால் தழும்புக்குப் பின்னால், பாதத்தின் எலும்பை அசையாமல் பற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் விரலை அதன் அடிப்பகுதியில், மூட்டுக்கு ஒட்டி முன்னால் பிடியுங்கள். மெதுவாக மேலே தூக்குங்கள். இழுபடுகிற உணர்வு வரும் இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். பிறகு அதே மாதிரி கீழே. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. குளித்த பிறகு, கால் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் இன்னும் எளிதாக வரும். இழுபடலாம், குத்தக் கூடாது. தையல் பிரித்து, தோல் எங்கும் திறப்பின்றி மூடியிருந்தால் தழும்பையும் கையின் கட்டைவிரலால் சின்ன வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். தோல் அடித்திசுவோடு ஒட்டிக்கொண்டால் அதுவும் விரலைக் கட்டிப்போடும்.

உள்பக்கம் மரத்திருப்பது, வெட்டின இடத்தை ஒட்டி ஓடுகிற மெல்லிய நரம்பு இழுபட்டதால். பல மாதங்களில் மெல்ல மெல்லத் தெளியும். சிலருக்கு ஒரு சின்ன இடம் மட்டும் அப்படியே நின்றுவிடும், ஓட்டத்துக்குத் தொந்தரவு இல்லை. மரத்த தோலில் ஐஸ் வைக்கும்போது மட்டும் கவனம். துணி சுற்றி, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுடுவதோ உறைவதோ அங்கே உங்களுக்குத் தெரியாது.

சாயங்கால வீக்கம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கடிதம் வருகிறது. பாதம் உடம்பின் கடைக்கோடி. அங்கே இறங்கின ரத்தத்தை மேலே ஏற்றுகிற பம்ப் கெண்டைக்கால் சதைதான். குதிகாலைத் தூக்கி அழுத்தி நடந்தால்தான் அது ஓடும். விறைப்பான செருப்பில் நீங்கள் அப்படி நடக்க முடியாது, அதாவது ஐந்து வாரமாக பம்ப் நின்றுகிடக்கிறது. ஸ்டூல்மேல் காலை வைத்து உட்கார்வது போதாது. கால் இதயத்தை விட உயரத்தில் இருக்க வேண்டும், அதற்குப் படுத்துதான் ஆக வேண்டும். அடியில் இரண்டு தலையணை வைத்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதைப் பார்த்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆனால் அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நேற்று செய்த வேலை அதிகமா என்பதை இன்று காலை பாதம் சொல்லிவிடும். எழுந்ததும் பாருங்கள். தூங்கி எழுந்தும் வீக்கம் வடியவில்லை, மூட்டு நேற்றை விட விறைப்பு என்றால் நேற்றைய அளவு அதிகம், இன்று பாதியாகக் குறையுங்கள். வடிந்திருந்தால் அதே அளவில் தொடருங்கள். அந்தச் சோதனையைக் கெடுக்கிற ஒரு காரியம், பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்வது. அதைச் செய்யாதீர்கள்.

சரி, பைத்தியம் பிடிக்கிறதே. உட்கார்ந்தபடியும் படுத்தபடியும் கை, தோள், வயிறு, இடுப்புக்கான பயிற்சிகளை இப்போதே செய்யலாம். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குகிற பயிற்சி ரொம்ப முக்கியம், ஓடுகிறவர்களுக்கு இடுப்புச் சதை தளர்ந்தால் முழங்காலில்தான் முதலில் தெரியும். எக்ஸ்ரேக்குப் பிறகு சர்ஜன் சாதாரண ஷூவுக்கு அனுமதித்தால் ஜிம்மில் இருக்கும் நகராத சைக்கிள் ஓட்டலாம், பெடலை முன்பாதத்தால் அல்ல, பாதத்தின் நடுப்பகுதியால் மிதியுங்கள். நீச்சலும் அப்போதே சரி, சுவரைக் காலால் உதைத்துத் திரும்புவது மட்டும் இன்னும் சில வாரம் வேண்டாம். வண்டி ஓட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். ஆபரேஷன் நடந்தது வலது காலில், திடீரென்று பிரேக்கை முழு பலத்தோடு அழுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஓட்டம் எப்போது என்று நேராகக் கேட்டீர்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் மூன்றாவது மாதம் முடியும்போது யோசிக்கத் தொடங்கலாம். நிறையப் பேருக்கு நான்கு, ஐந்து மாதம் ஆகும். பாதத்தின் நடுவில் இருக்கும் மூட்டையே சேர்த்து இறுக்குகிற வகை ஆபரேஷன் என்றால் இன்னும் தாமதம். உங்களுக்குச் செய்தது எது என்று சர்ஜனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதியை விட நான் பார்ப்பது வேறு. எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருக்க வேண்டும். நொண்டாமல் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்து, மறுநாள் காலை கால் அமைதியாக இருக்க வேண்டும். அப்புறம் சுவரைத் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்குங்கள். பதினைந்து தடவை, குதி முழு உயரத்துக்குப் போகிறதா, கட்டைவிரல் தரையில் அழுந்துகிறதா என்று குனிந்து பாருங்கள். ஐந்தாவது தடவையிலேயே உடம்பு வெளிவிளிம்புக்குச் சாய்ந்தால் இன்னும் நேரம் வரவில்லை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. உடல் எடையையே தூக்க முடியாத கால் அதை எப்படித் தாங்கும்?

தொடங்கும்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படி ஏழெட்டுச் சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமதரையில். ஒன்பது வருடம் ஓடியவருக்கு இது அவமானமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கடைசியாக. ஷட்டில் அதற்கும் பின்னால். பக்கவாட்டுத் தாவலும் சட்டென்று நிற்பதும் நேர் ஓட்டத்தை விடக் கட்டைவிரலை அதிகம் சோதிக்கும்.

பழைய ஷூவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது வளைந்த விரலுக்குப் பழகின ஷூ. புதிதாக வாங்கும்போது வீக்கம் இருக்கும் சாயங்கால வேளையில் போய், முன்பக்கம் அகலமானதாக, விரல்களை உள்ளே விரிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாம் விரலுக்குக் கீழே உள்ளங்காலில் கூழாங்கல்லை மிதித்த மாதிரி வலி வந்தால், பாரம் அங்கே போகிறது என்று அர்த்தம். உடனே காட்டினால் ஷூவுக்குள் ஒரு மெத்தை வைத்தே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அன்றைக்கே, அந்த நேரமே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். காயம் சிவந்து சூடாகி நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், 'டக்' என்று ஏதோ நழுவிய மாதிரி புது வலி வந்தால், போர்வை பட்டாலே எரிகிற வலியும் தோல் நிறம் மாறுவதும் சேர்ந்து வந்தால், சர்ஜனை உடனே பாருங்கள்.

இடது கால்? அது வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வலிக்காத புடைப்பைத் தோற்றத்துக்காகவோ, பின்னால் பெரிதாகிவிடுமோ என்ற பயத்துக்காகவோ நான் வெட்டச் சொல்ல மாட்டேன். அகலமான ஷூ போட்டு ஓடுங்கள். என்றாவது வலித்து, ஷூ மாற்றியும் அடங்காமல், உங்கள் ஓட்டத்தை அது நிறுத்தினால் அப்போது எழுதுங்கள்.