ஓர் ஆர்டரில் எத்தனை ரூபாய் நிற்கிறது? இணைய நிறுவனப் பங்குகளின் நியாய விலை

வணக்கம்.

சில ஆண்டுகளாகப் பங்குச்சந்தையில் முதலீடு செய்கிறேன். வங்கி, சிமென்ட், மருந்து நிறுவனங்கள் என்றால் பி/இ (விலையை ஒரு பங்கின் லாபத்தால் வகுத்த எண்), பி/பி (விலையை ஒரு பங்கின் புத்தக மதிப்பால் வகுத்த எண்) பார்த்து ஒரு முடிவுக்கு வர முடிகிறது. இணைய நிறுவனங்கள்தான் பிடிபடவில்லை. எடர்னலின் (பழைய ஸொமேட்டோ) பி/இ நூற்றுக்கணக்கில் நிற்கிறது, சில சமயம் ஆயிரத்தையும் தாண்டுகிறது. 2025 செப்டம்பர் காலாண்டில் வருவாய் ஏறக்குறைய மூன்று மடங்கானதால், விற்பனையோடு ஒப்பிட்டால் பங்கு மலிவாகிவிட்டது என்கிறார் நண்பர் ஒருவர். நானே எக்செல்லில் டிசிஎஃப் (வருங்காலப் பண வரத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் கணக்கு) போட்டுப் பார்த்தேன். ஓர் எண்ணை மாற்றினால் விடை எங்கோ போய்விடுகிறது. இப்படிப்பட்ட பங்குக்கு நியாய விலை என்று ஒன்றைச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பி வாங்கினால் பணம் போகும்.

அந்தக் காலாண்டில் எடர்னலின் வருவாய் முந்தைய ஆண்டின் 4,799 கோடி ரூபாயிலிருந்து 13,590 கோடியானது உண்மை. நிகர லாபம் 176 கோடியிலிருந்து 65 கோடிக்கு இறங்கியதும் உண்மை. வருவாய் இப்படித் துள்ளியதற்குப் பெரிய காரணம் கணக்கு எழுதும் முறை மாறியதுதான். அதுவரை எடர்னலின் உடனடி மளிகை டெலிவரிப் பிரிவான பிளிங்கிட்டில் விற்ற பொருள் வேறு விற்பனையாளர்களுடையது. கமிஷன், விளம்பரக் கட்டணம், டெலிவரி கட்டணம் மட்டுமே பிளிங்கிட்டின் வருவாய். 2025-ல் எடர்னல் தன் பங்குகளில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 49.5 சதவீத உச்சவரம்பு வைத்தது. அதன் பிறகு பொருளைத் தானே வாங்கி விற்க விதி இடம் கொடுத்தது, நிறுவனமும் அந்த முறைக்கு மாறத் தொடங்கியது.

ஒருவர் 600 ரூபாய்க்கு அரிசி, எண்ணெய், சோப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் வருவாய் என்று ஏறுவது நூற்றுச்சொச்சம் ரூபாய். புதிய முறையில் ஜிஎஸ்டி போக மீதி முழுவதும் ஏறும். அதே வாடிக்கையாளர், அதே பில், கையில் நிற்கும் காசிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பி/எஸ் (விலையை விற்பனையால் வகுத்த எண்) மட்டும் சரிந்து, பங்கு மலிவுபோலத் தெரியும். சரக்கு இருப்பில் முடங்கும் பணமும், கெட்டுப்போகும் பொருளின் நஷ்டமும் இனி நிறுவனத்தின் தலையில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் இத்தகைய நிறுவனங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது வருவாயை விட்டுவிட்டு ஆர்டர் மதிப்பை எடுங்கள். தள்ளுபடி போக மிஞ்சும் நிகர ஆர்டர் மதிப்பை எடர்னலே காலாண்டுதோறும் வெளியிடுகிறது.

பி/இ-யிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. 2023-24 நிதியாண்டில் ஸொமேட்டோ காட்டிய நிகர லாபம் 351 கோடி. அதே ஆண்டில் ‘பிற வருமானம்’ 847 கோடி. பங்கு விற்றுத் திரட்டிய பணத்தை முதலீடு செய்து வந்த வட்டிதான் இதில் பெரும்பகுதி. அதைக் கழித்தால் தொழில் அந்த ஆண்டு நஷ்டத்தில்தான் ஓடியிருக்கிறது. 351 கோடியை வைத்து பி/இ போட்டால் வட்டியை நூற்றுக்கணக்கான மடங்கு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். பிற வருமானத்தைக் கழித்துவிட்டுத் தொழிலை மதிப்பிடுங்கள். கையிருப்புப் பணத்தைக் கடைசியில் ஒரு தடவை மட்டும் கூட்டுங்கள். வட்டியையும் அசலையும் சேர்த்து எண்ணுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

தொடங்க வேண்டிய இடம் ஒரே ஓர் ஆர்டர். 500 ரூபாய் ஆர்டரில் கமிஷன், விளம்பரம், டெலிவரி கட்டணம் எல்லாம் சேர்த்து நிறுவனத்துக்கு 100 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். டெலிவரி ஊழியருக்குக் கொடுப்பது, பேமென்ட் கேட்வே கட்டணம், தள்ளுபடியில் தன் பங்கு, ரீஃபண்ட், வாடிக்கையாளர் சேவை ஆகியவை அதிலிருந்து போகும். மீதி நிற்பதிலிருந்து சம்பளம், சர்வர், விளம்பரம், அலுவலக வாடகை போக வேண்டும். நிறுவனம் முதிர்ந்து நிதானப்பட்ட பிறகு அந்த 500 ரூபாயில் கடைசியாக எத்தனை ரூபாய் நிற்கும்? மதிப்பீடு முழுவதும் இந்தக் கேள்விமேல்தான் நிற்கிறது.

இப்போது ஒரு மாதிரி நிறுவனம். இன்றைய வருவாய் 2,000 கோடி, செயல்பாட்டு லாப விகிதம் மைனஸ் 20 சதவீதம், கையிருப்பு 2,500 கோடி, கடன் இல்லை. பத்தாம் ஆண்டில் இந்தத் துறையின் மொத்த ஆர்டர் மதிப்பு 2 லட்சம் கோடி. அதில் நம் நிறுவனத்தின் பங்கு 40 சதவீதம், அதாவது 80,000 கோடி. ஆர்டர் மதிப்பில் 20 சதவீதம் வருவாய் என்றால் 16,000 கோடி. ஆண்டுக்குச் சுமார் 23 சதவீத வளர்ச்சி இது. லாப விகிதம் ஆண்டுக்கு 4.5 புள்ளி ஏறிப் பத்தாம் ஆண்டில் 25 சதவீதத்தைத் தொடுகிறது. அப்போது செயல்பாட்டு லாபம் 4,000 கோடி, 25 சதவீத வரி போக 3,000 கோடி. கூடுதலாக வரும் ஒவ்வொரு 3 ரூபாய் வருவாய்க்கும் 1 ரூபாய் முதலீடு தேவை என்று வைக்கிறேன். முதல் ஆண்டுகளின் நஷ்டத்தைப் பின்னால் வரியில் ஈடுகட்டுகிறேன். பத்தாண்டு அரசுப் பத்திர வட்டி ஆறரை, ஏழு சதவீதம். அதோடு பங்கு ரிஸ்க்குக்காக ஐந்து, ஐந்தரை கூட்டினால், வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். பத்தாம் ஆண்டுக்குப் பின் நிரந்தர வளர்ச்சி 5 சதவீதம், அதற்காக லாபத்தில் கால் பங்கு மறுமுதலீடு.

இதை எக்செல்லில் போட்டால் முதல் ஐந்து ஆண்டுகளில் சுமார் 2,130 கோடி கரைகிறது, பிறகு பணம் வரத் தொடங்குகிறது. பத்து ஆண்டுகளின் பண வரத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் வரவும் செலவும் ஏறக்குறைய சமன். நிகரம் மைனஸ் 120 கோடிதான். பத்தாம் ஆண்டுக்குப் பின் வரும் பணம் முழுவதற்குமான இறுதி மதிப்பு 33,750 கோடி, இன்றைய மதிப்பில் 10,870 கோடி. கையிருப்பைச் சேர்த்தால் 13,250 கோடி. பங்குகள் 100 கோடி, ஊழியர்களுக்குத் தர ஒப்புக்கொண்ட பங்குகள் (ஈசாப்) 6 கோடி. 106-ஆல் வகுத்தால் பங்குக்கு 125 ரூபாய். ஈசாப்பை மறந்துவிட்டு 100-ஆல் வகுத்திருந்தால் 132 என்று வந்திருக்கும்.

தொழிலின் மதிப்பு முழுவதும் பத்தாம் ஆண்டுக்கு அப்பால் இருப்பதைக் கவனியுங்கள். ஓர் எண்ணை மாற்றினால் விடை ஓடுவது இதனால்தான். உங்கள் கணக்கில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. தள்ளுபடி விகிதத்தை 13 ஆக்கினால் 104 ரூபாய். லாப விகிதம் 25-க்குப் பதில் 20 என்றால் 97 ரூபாய். இந்த இரண்டாவது மாற்றத்தில் இன்னொன்றும் நடக்கிறது: கரையும் பணம் 2,600 கோடியைத் தாண்டிவிடுகிறது, கையில் இருப்பதோ 2,500. அதாவது ஆறாம் ஆண்டுக்குள் நிறுவனம் புதிய பங்கு விற்றாக வேண்டும், பெரும்பாலும் விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில். 97 என்ற விடைக்குள் அந்த அடி சேரவில்லை. அதனால் பங்கின் விலையைக் கணக்கிடும் முன், கையிருப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்ற வரியைத் தனியே பாருங்கள்.

நியாய விலையைச் சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். 125 என்று சொல்வதைவிட 95-லிருந்து 130 வரை என்று சொல்வது நேர்மை. ஆனால் அதைவிடப் பயனுள்ள வழி, கணக்கைத் திருப்பிப் போடுவது. பங்கு சந்தையில் 190 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்களைத் தொடாமல் லாப விகிதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் 36 சதவீதத்துக்குச் சற்று மேலே 190 வருகிறது. அதாவது 500 ரூபாய் ஆர்டரில் 25 ரூபாய் நின்றால் பங்கு 125, 36 ரூபாய்க்குச் சற்று மேல் நின்றால்தான் 190. இப்போது உங்கள் முன் இருப்பது தெளிவான ஒரு தொழில் கேள்வி. ஹோட்டல்காரர் அவ்வளவு கமிஷன் தருவாரா? போட்டி நிறுவனம் சும்மா இருக்குமா?

இதற்கு ஓர் அளவுகோல் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே உணவு டெலிவரியில் முதலிடத்தில் உள்ள டோர்டாஷ் 2024-ல் 8,000 கோடி டாலருக்கும் சற்றுக் கூடுதலான ஆர்டர் மதிப்பைக் கையாண்டது. அதன் நிகர லாபம் 12.3 கோடி டாலர். முழு ஆண்டு லாபம் காட்டியதே அதுதான் முதல் முறை. அதே ஆண்டின் ‘அட்ஜஸ்டட் எபிட்டா’ (வட்டி, வரி, தேய்மானம், இன்னும் சில செலவுகளைக் கழிக்காத லாபம்) சுமார் 190 கோடி டாலர். இரண்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம் வருவதற்கு முக்கியமான காரணம், ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகளின் செலவு அட்ஜஸ்டட் கணக்கில் வராது என்பது. அது சம்பளம்தான், ரொக்கத்துக்குப் பதில் உங்கள் பங்கிலிருந்து கொடுக்கப்படும் சம்பளம். அட்ஜஸ்டட் என்ற சொல் எங்கே வந்தாலும் ஈசாப் செலவை மறுபடி கழித்துவிட்டுப் படியுங்கள். தேய்மானத்தையும் கழித்துவிடுங்கள். நம் மாதிரியில் ஆர்டர் மதிப்பில் 5 சதவீதம் லாபம் என்று வைத்ததே தாராளம் என்பது இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

பங்கு எண்ணிக்கை விஷயத்தில் எடர்னலே பாடம். 2021 ஜூலையில் பட்டியலானபோது சுமார் 784 கோடி பங்குகள். 2022-ல் பிளிங்கிட்டை வாங்கியதற்கு ரொக்கம் கொடுக்கவில்லை, ஏறக்குறைய 63 கோடி புதிய பங்குகளைக் கொடுத்தது. 2024 நவம்பரில் பெருநிறுவன முதலீட்டாளர்களுக்குப் பங்கு விற்று 8,500 கோடி திரட்டியது. ஈசாப்பும் சேர்ந்து 2025-ல் எண்ணிக்கை 960 கோடியைத் தாண்டிவிட்டது. நிறுவனத்தின் மதிப்பு 20 சதவீதம் கூடியிருந்தாலும் பட்டியலானபோது வாங்கியவரின் ஒரு பங்குக்கு அதில் எதுவும் சேர்ந்திருக்காது.

ஐபிஓ சமயத்தில், சென்னை லயோலாவில் படித்து நியூயார்க்கில் நிதியியல் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன் இந்தப் பங்கை 41 ரூபாய் என்று மதிப்பிட்டார். வெளியீட்டு விலை 76, பட்டியலான அன்றே நூறைத் தாண்டியது. ஓராண்டில், 2022 ஜூலையில், விலை அந்த 41-க்கே வந்து நின்றது. 2024 டிசம்பரில் 300-ஐத் தொட்டது. முதலாவதை மட்டும் சொல்லி அவரைத் தீர்க்கதரிசி என்பவர்களும், இரண்டாவதை மட்டும் சொல்லி மதிப்பீடே வீண் என்பவர்களும் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அவர் மதிப்பிட்டது உணவு டெலிவரி நிறுவனத்தை. பிளிங்கிட் வந்த பிறகு அது வேறு தொழில். பழைய எக்செல் தாளை மூடிவிட்டுப் புதிய தாளைத் திறக்க வேண்டிய இடம் அது. இரண்டு தொழில்களுக்கும் ஆர்டர் மதிப்பு, லாபம், முதலீட்டுத் தேவை எல்லாமே வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் போட்டுக் கடைசியில் கூட்டுங்கள்.

டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. லாபம் ரொக்கமாகவே வருகிறது, டிவிடெண்டாகவும் பைபேக்காகவும் பெரும்பகுதி திரும்பி வருகிறது. பி/இ-யும் வளர்ச்சியும் போதும். இன்ஃபோ எட்ஜ் மாதிரி, வேறு நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம் என்றால் அதன் சொந்தத் தொழிலான நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தைத் தனியே மதிப்பிட்டு, எடர்னலிலும் பிபி ஃபின்டெக்கிலும் (பாலிசிபஜாரின் தாய் நிறுவனம்) உள்ள பங்குகளைச் சந்தை விலையில் கொஞ்சம் கழிவு போட்டுச் சேருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நிரந்தர வளர்ச்சி விகிதம் அரசுப் பத்திர வட்டியைத் தாண்டக்கூடாது. நம் மாதிரியில் 5-ஐ 7 ஆக்கினால் விடை அழகாக ஏறும், ஆனால் எந்த நிறுவனமும் என்றென்றும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக வளர முடியாது. சந்தைப் பங்கை எழுதும்போது போட்டியாளர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஸ்விக்கிக்கு ஒரு தாள், எடர்னலுக்கு ஒரு தாள் என்று தனித்தனியே போட்டு இரண்டிலும் 60 சதவீதம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த காலாண்டு அறிக்கை வந்ததும், பங்குதாரர் கடிதத்தில் ஒவ்வொரு தொழிலின் நிகர ஆர்டர் மதிப்பையும் அட்ஜஸ்டட் எபிட்டாவையும் எடுங்கள். மொத்த நிறுவனத்தின் ஈசாப் செலவையும் தேய்மானத்தையும் ஆர்டர் மதிப்பின் விகிதத்தில் பிரித்துக் கழித்து, 500 ரூபாய் ஆர்டருக்கு எத்தனை ரூபாய் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். இன்றைய பங்கு விலை கேட்கும் ரூபாயை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். எட்டுக் காலாண்டுகள் இப்படி எழுதினால், அந்த இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.