சி.டி.யில் தெரிவதெல்லாம் கட்டியா? சிறுநீர்ப் பாதை குறித்த கேள்வி-பதில்

கேள்வி: ஒரே ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை, மறுநாளே நின்றுவிட்டது. அல்ட்ராசவுண்டும் நார்மல். வயது 63. அப்புறமும் சி.டி. எதற்கு?

பதில்: வலி இல்லாமல் ரத்தம் போனதுதான் இதில் கவலைக்குரிய விஷயம். கல்லும் கிருமித் தொற்றும் பெரும்பாலும் வலியையோ எரிச்சலையோ கூடவே கொண்டுவரும். சிறுநீர்ப் பாதையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய் சத்தமில்லாமல் கசிந்து, தானாக நின்று, மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். ரத்தம் நின்றதை வைத்துக் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

அல்ட்ராசவுண்ட் சிறுநீரகத்தையும் நிரம்பிய சிறுநீர்ப்பையையும் ஓரளவு நன்றாகக் காட்டும். இரண்டையும் இணைக்கும் சிறுநீர்க் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், அதில் பெரும்பகுதி குடல் காற்றுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும். அந்த இடைவெளியைப் பார்க்கத்தான் சி.டி. யூரோகிராம், அதாவது மருந்து ஏற்றிச் சிறுநீர்ப் பாதை முழுவதையும் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் “மாத்திரையால்தான் ரத்தம் வந்தது” என்று விட்டுவிடுவதும் தவறு. அவர்களுக்கும் இதே பரிசோதனைகள் வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சி.டி. எடுத்துவிட்டதால் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) வேண்டாம் என்று ஆகாது. இந்த வகைப் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் சிறுநீர்ப்பையில் வருபவை. அதில் தட்டையாகப் படரும் வகை சி.டி.யில் தெரியவே தெரியாது. கேமரா வைத்து நேரே பார்த்தால்தான் உண்டு.

கேள்வி: ஒரே ஸ்கேனுக்கு மூன்று தடவை மெஷினுக்குள் அனுப்பினார்கள். நடுவில் 10 நிமிடம் காக்கவும் வைத்தார்கள். கதிர்வீச்சு அதிகமாகாதா?

பதில்: ஆகும். அதனால்தான் அந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்க வேண்டும். முதல் தடவை கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் வெள்ளையாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து) இல்லாமல். கல், சுண்ணாம்புப் படிவு, ரத்தக்கட்டி, கொழுப்பு ஆகியவற்றைப் பிரித்தறிய இதுவே ஆதாரம். பின்னால் எடுக்கும் அளவுகளை ஒப்பிடவும் இது வேண்டும். அடுத்து 100 மி.லி. அல்லது சற்று அதிகமாக மருந்து ஏற்றி, 90 முதல் 110 நொடிக்குள் இரண்டாவது. இந்த நேரத்தில் சிறுநீரகத் திசு முழுவதும் ஒரே சீராக வெளுத்திருக்கும், அதனால் சிறு கட்டியும் தனித்துத் தெரியும். மூன்றாவது, மருந்து சிறுநீரோடு வெளியேறும்போது, சுமார் 8 முதல் 15 நிமிடம் கழித்து. பாதையின் உள்பக்கம் முழுவதும் வெள்ளைக் கோடாக நிரம்பும். உள்ளே ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் காலியாகத் தெரியும்.

வயது குறைந்தவர்கள், ஆபத்துக் காரணிகள் குறைந்தவர்கள் என்றால் மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து ஏற்றும் முறை உண்டு. முதல் பங்கு ஏற்றிச் சுமார் 8 நிமிடம் கழித்து மீதியை ஏற்றி, 100 நொடியில் ஒரே தடவை எடுத்தால் இரண்டு கட்டமும் ஒரே படத்தில் கிடைக்கும். ஒரு தடவை கதிர்வீச்சு மிச்சம். ஆனால் முதல் பங்கில் மருந்து குறைவு என்பதால் குழாய் கொஞ்சம் மெலிதாகவே நிரம்பும். புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாக உள்ளவருக்கு மூன்று கட்டமாக எடுப்பதே நல்லது.

கேள்வி: நான் சி.டி. டெக்னீஷியன். கடைசிக் கட்டத்தில் கீழ்ப்பக்கச் சிறுநீர்க் குழாய் அடிக்கடி நிரம்பாமல் போகிறது. திரும்ப முழு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: முழு ஸ்கேன் வேண்டாம். நிரம்பாத பகுதியை மட்டும் சில நிமிடம் கழித்து எடுத்தால் போதும். அதைவிட முக்கியம், முன்கூட்டியே தடுப்பது. நீர் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு ஸ்கேனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு 500 முதல் 1000 மி.லி. வரை வெறும் தண்ணீர் கொடுங்கள். குடலை வெளுப்பாக்கும் வாய்வழி மருந்து கொடுத்துவிட்டால் குழாயும் குடலும் ஒன்றாகத் தெரிந்து ஸ்கேனே வீணாகும். டாக்டர் அனுமதித்தால் கான்ட்ராஸ்ட்டுக்குச் சில நிமிடம் முன்பு சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசிமைடு மருந்து 10 மி.கி. நரம்பு வழியாக. ரத்த அழுத்தம் குறைவானவர்களுக்கும் சல்ஃபா மருந்தால் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கும் கேட்காமல் போடக் கூடாது. கடைசிக் கட்டத்துக்கு முன் நோயாளியை இடமும் வலமும் ஒருமுறை புரட்டுவதோ எழுந்து நடக்கவைப்பதோ நல்ல பலன் தரும். அடியில் தேங்கிய மருந்து கலந்து சீராகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் அங்குலம் நிரம்பாமல் இருந்தால்? மேலே வீக்கம் இல்லை, சுவர் மெல்லியதாக இருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பு சுத்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது குழாய் சுருங்கி விரியும் இயல்பான அசைவுதான். அதற்காக நோயாளியை நாலாவது தடவை உள்ளே அனுப்புவது நியாயமில்லை.

கேள்வி: ரேடியாலஜி மேற்படிப்பு மாணவர். சிறுநீரகப் பெல்விஸுக்குள் (சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் பை) காலியிடம் போல ஒன்று தெரிந்தால் கல், ரத்தக்கட்டி, புற்று என்று எந்த வரிசையில் பிரிப்பது?

பதில்: கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் தொடங்குங்கள். அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில், அதாவது எச்.யூ.வில் அளவிடுங்கள். கல் என்றால் பெரும்பாலும் 200 எச்.யூ.வுக்கு மேல், எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் சி.டி.யில் பளிச்சென்று தெரியும். விதிவிலக்கு, எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிர் படிந்து உருவாகும் கல்; அது சி.டி.யிலும் தெரியாது. புதிய ரத்தக்கட்டி ஏறத்தாழ 40 முதல் 80. புற்று சிறுநீரைவிடச் சற்றே அடர்த்தி, ரத்தக்கட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. ஆனால் சில புற்றுகளின் மேற்பரப்பில் சுண்ணாம்பு படியும். ஓரத்தில் மட்டும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து “கல்” என்று எழுதிவிட்டால் நோயாளிக்குப் பெரிய நஷ்டம்.

அடுத்து, மருந்து ஏறியதும் அதே இடம் எவ்வளவு கூடுகிறது? 20 எச்.யூ. அல்லது அதற்கு மேல் கூடினால் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்கிறது, அது உயிருள்ள திசு. 10-க்குக் கீழ் என்றால் இல்லை. 10-க்கும் 20-க்கும் நடுவில் வந்தால் தீர்ப்பு எழுதாதீர்கள், வேறு சோதனைக்கு அனுப்புங்கள். அளக்கும் முறையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வட்டத்தை ஓரம் தொடாமல் உள்ளே போடுங்கள், எல்லாக் கட்டத்திலும் அதே மட்டத்தில் போடுங்கள், கே.வி. (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) மாறியிருந்தால் அந்த எண்களை ஒப்பிடாதீர்கள். 1 செ.மீ.க்குக் குறைந்த ஒன்றை 5 மி.மீ. தடிப்புள்ள ஸ்லைஸில் (குறுக்குவெட்டுப் படத்தில்) அளந்தால் பக்கத்துச் சிறுநீரும் சேர்ந்து எண் பொய் சொல்லும். 1 முதல் 1.5 மி.மீ. ஸ்லைஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து நிரம்பிய கடைசிக் கட்டத்தில் மட்டும் எண்ணை எடுக்கவே கூடாது. சுற்றிலும் உள்ள வெள்ளை அந்த எண்ணை ஏற்றிவிடும்.

அந்தக் கடைசிக் கட்டத்தை வழக்கமான வயிற்று விண்டோவில் (திரையின் வெளிச்ச அமைப்பில்) பார்ப்பது இன்னொரு பொறி. சூரியனைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் பறக்கும் கொசு தெரியாது. அடர்ந்த மருந்துக்குள் 3 மி.மீ. கட்டியும் அப்படித்தான் மறையும். எலும்பு விண்டோவுக்கு மாற்றிப் பாருங்கள். பல ஸ்லைஸ்களின் மிக வெளுத்த புள்ளிகளை மட்டும் சேர்த்துக் காட்டும் எம்.ஐ.பி. படம் அழகாக இருக்கும், ஆனால் சிறு கட்டிகளை அப்படியே விழுங்கிவிடும். ஒவ்வொரு ஸ்லைஸையும் உருட்டிப் பார்த்த பிறகு அதற்குப் போகலாம்.

மற்ற போலிகளையும் மனதில் வையுங்கள். காற்றுக்குமிழி எப்போதும் மேல்பக்கம் மிதக்கும். எண்ணும் மிகக் கீழே இருக்கும். சர்க்கரை நோயாளியிடம் பூஞ்சை உருண்டை இருக்கலாம், நடுவில் காற்றுத் துளிகளோடு. வலி மாத்திரை அதிகம் எடுத்தவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் சிறுநீரகப் பாப்பில்லா (சிறுநீர் வடியும் திசு முனை) உதிர்ந்து முக்கோணமாகத் தெரியும். அது உதிர்ந்த கேலிக்ஸில் (பாப்பில்லாவைச் சுற்றியுள்ள சிறு கிண்ணத்தில்) குழி இருக்கிறதா என்று தேடுங்கள். குறுக்கே போகும் ரத்தநாளம் வெளியிலிருந்து அமுக்கினால் ஓரம் வழவழப்பாக இருக்கும். முன்பக்கமிருந்து பார்ப்பது போன்ற கொரோனல் படத்தில் நாளத்தைப் பின்தொடர்ந்தால் தெரிந்துவிடும். 2, 3 மி.மீ. அளவில் வழுவழுப்பான பல துருத்தல்கள் குழாய் நெடுக இருந்தால் யூரிட்டரைட்டிஸ் சிஸ்டிகா, நாள்பட்ட அழற்சியின் விளைவு. நீளமாக, வழுவழுப்பாக, இடம் மாறும் ஒன்று நார்ப் பாலிப்பாக இருக்கலாம்.

ரத்தக்கட்டி என்று தோன்றினால் ரத்தப்போக்கு அடங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கரைந்திருக்கும், அல்லது உருமாறியிருக்கும். அதே இடத்தில் அதே வடிவத்தில் இருந்தால் யூரிட்டரோஸ்கோப்பி, அதாவது சிறுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. ரத்தக்கட்டிக்கு அடியில் புற்று ஒளிந்திருப்பதும் உண்டு என்பதால், கரைந்த பிறகும் அந்த இடத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கேள்வி: சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் தவிர்க்கும் மெல்லிய குழல்) வைத்து ஆறு வாரம். “குழாய்ச் சுவர் தடிப்பு, புற்றுநோயை விலக்க வேண்டும்” என்று ரிப்போர்ட். பயமாக இருக்கிறது.

பதில்: ஸ்டென்ட் உரசினாலே சுவர் தடிக்கும், மருந்தையும் ஏற்கும். கல் நகர்ந்து போன இடமும் சில வாரம் வீங்கியிருக்கும். சுற்றிலும் சீராக, நீளமாகத் தடித்திருந்தால் பெரும்பாலும் அழற்சிதான். ஒரு பக்கமாக, குறுகிய நீளத்தில், மேடு கட்டி, மேலே வீக்கத்தோடு இருந்தால் புற்றுச் சந்தேகம் வலுக்கும். இரண்டையும் முழுமையாகப் பிரிக்க சி.டி.யால் முடியாது. ஸ்டென்ட் வைப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். அன்றே அந்த இடம் சாதாரணமாக இருந்தால் பயம் பாதி குறையும்.

குழாயில் பல இடங்களில் சுருக்கம், கேலிக்ஸ்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, சிறுநீரில் சீழ் அணுக்கள் ஆனால் வழக்கமான கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) கிருமி இல்லை என்றால் காசநோயை நினைக்க வேண்டும். அதற்கு விடியற்காலைச் சிறுநீரை மூன்று நாள் அடுத்தடுத்துச் சேகரித்து அனுப்புவது வழக்கம். இதைக் கேட்காமல் சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய நோய்க்கு உறுப்பைக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: “சிறுநீரகத்தில் 2.5 செ.மீ. கட்டி, கொழுப்பு உள்ளது” என்கிறது ரிப்போர்ட். புற்றா?

பதில்: மெல்லிய ஸ்லைஸில், கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில், மைனஸ் 10 எச்.யூ.வுக்கும் கீழே தெளிவாகக் கொழுப்பு அளக்கப்பட்டிருந்தால் அது கிட்டத்தட்ட ஆஞ்சியோமயோலிப்போமா என்ற கொழுப்புள்ள சாதாரணக் கட்டிதான், புற்று அல்ல. அதே கட்டியில் சுண்ணாம்பும் இருந்தால் மட்டும் உஷாராக வேண்டும். கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்திருப்பது சிறுநீரகப் புற்றில் அரிதாக வரும். 4 செ.மீ.யைத் தாண்டினால் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். கர்ப்பம் திட்டமிடும் பெண்கள் சிறியதாக இருந்தாலும் யூராலஜிஸ்டிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கொழுப்புத் தெரியாத ஆஞ்சியோமயோலிப்போமாவையும் நடுவில் தழும்புள்ள ஆன்கோசைட்டோமா என்ற சாதாரணக் கட்டியையும் புற்றிலிருந்து சி.டி. நம்பிக்கையாகப் பிரிக்காது. அங்கே ஊசி பயாப்ஸி பற்றிப் பேசுவது சரியான வழி.

கேள்வி: “பெர்ட்டின் காலம் ஹைப்பர்ட்ரஃபி” என்று எழுதியிருக்கிறார்கள். ஆபத்தா?

பதில்: இல்லை. பிறவியிலேயே சிறுநீரகப் புறணி உள்ளே கொஞ்சம் நீண்டிருப்பது அது. எல்லாக் கட்டத்திலும் பக்கத்துப் புறணியைப் போலவே மருந்து ஏற்கும். தொடர் ஸ்கேன் தேவையில்லை.

கேள்வி: காய்ச்சலோடு இடுப்பு வலி. சி.டி.யில் “தொற்று அல்லது கட்டி” என்று இரண்டையும் போட்டிருக்கிறார்கள்.

பதில்: தொற்றுப் பகுதி ஆப்பு வடிவில், கோடுகோடாக மருந்து ஏற்காமல் தெரியும், சில சமயம் உருண்டையாகவே தெரிந்து கட்டியென்று ஏமாற்றும். கல்ச்சர் பார்த்து ஆன்டிபயாட்டிக் முழுதாக முடித்து, சில வாரம் கழித்து அதே பகுதியை மறுபடி பாருங்கள். தொற்று என்றால் சுருங்கியிருக்கும் அல்லது தழும்பாகியிருக்கும். சிறுநீரகம் பெருத்து, நடுவில் பெரிய கிளைக்கல்லும் சுற்றிலும் கரடியின் பாதத் தடம் போன்ற குழிகளும் இருந்தால் சாந்தோகிரானுலோமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்ற நாள்பட்ட சிறுநீரகத் தொற்று. அது புற்றல்ல, ஆனால் அந்தச் சிறுநீரகம் பெரும்பாலும் வேலை செய்யாத நிலையில் இருப்பதால் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கேள்வி: “சிறுநீர்ப்பைச் சுவர் தடிப்பு” என்றால் புற்றா?

பதில்: முதலில் பை நிரம்பியிருந்ததா என்று கேளுங்கள். காலியான பையின் சுவர் யாருக்கும் தடிப்பாகத்தான் தெரியும். நன்றாக நிரம்பியும் முழுச் சுற்றும் தடித்திருந்தால் புராஸ்டேட் அடைப்போ நாள்பட்ட தொற்றோ பொதுவான காரணம். புராஸ்டேட்டின் நடு மடல் பையின் அடியில் எழும்பி நிற்பதைக் கட்டி என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போன்ற சஜிட்டல் படத்தில் அது புராஸ்டேட்டோடு தொடர்வதைப் பார்த்துவிடலாம். ரத்தக்கட்டி சந்தேகமா, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து எடுங்கள். இடம் மாறினால் அது சுவரில் முளைத்ததல்ல. பையின் உச்சியில் நடுக்கோட்டில் சுண்ணாம்போடு ஒன்று தெரிந்தால் யூரேக்கஸ் (கருவில் பையைத் தொப்புளோடு இணைத்த குழாயின் எச்சம்) புற்றை மறக்காதீர்கள்.

கேமரா வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுத்த சில வாரங்களுக்குள் எடுக்கும் சி.டி.யில் வெறும் வீக்கம்கூடச் சுவரைத் தாண்டிப் பரவியது போலத் தெரியும். புற்று எவ்வளவு பரவியது என்று பார்க்கும் ஸ்டேஜிங் படம் சுரண்டலுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. தசையை எட்டியதா இல்லையா என்பதை சி.டி. சொல்லாது, அதற்கு எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 2.1. கான்ட்ராஸ்ட் போடலாமா?

பதில்: கிரியேட்டினினை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) கணக்கிடச் சொல்லுங்கள். 30-க்கு மேல் நிலையாக இருந்தால் பெரும்பாலும் போடலாம். 30-க்குக் கீழ் அல்லது சமீபத்தில் திடீரென்று மோசமானது என்றால் டாக்டர்கள் லாபநஷ்டம் பார்த்து முடிவு செய்வார்கள். அந்த நிலையில் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினை ஸ்கேன் அன்றே நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்த பிறகே தொடர வேண்டும். இன்னொன்றும் உண்டு. வேலை செய்யாத சிறுநீரகம் மருந்தை வெளியேற்றாது, அதனால் மூன்றாவது கட்டம் தெளிவாக வராது. அப்போது எம்.ஆர். யூரோகிராமோ, சிஸ்டோஸ்கோப்பி செய்யும்போதே கீழிருந்து மருந்து செலுத்தி எடுக்கும் ரெட்ரோகிரேட் படமோ கூடுதலாகப் பயன்படும்.

கேள்வி: இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறோம். என்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: ஃபிலிம் போதாது. எல்லாக் கட்டமும் உள்ள டைகாம் (மருத்துவப் படங்களின் டிஜிட்டல் கோப்பு வடிவம்) படங்களை சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், மெல்லிய ஸ்லைஸ் சேர்த்து. சில சென்டர்களில் சில நாட்களிலேயே அவற்றை அழித்துவிடுவார்கள், எனவே ஸ்கேன் எடுத்த அன்றே கேளுங்கள். பழைய ஸ்கேன் எத்தனை வருடத்துக்கு முந்தையதானாலும் கொண்டுபோங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி, கல் வெளியேறிய தேதி, சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து செலுத்தியிருந்தால் அந்தத் தேதிகள், சிறுநீர் கல்ச்சர், சைட்டாலஜி (சிறுநீரில் உள்ள அணுக்களைப் பார்க்கும் சோதனை) முடிவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.