அப்பாவுக்கு மலிவு விலையில் புரோட்டான் கிடைக்குமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது, புராஸ்டேட் புற்றுநோய், பரவவில்லை. கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலூர் தோட்டப்பாளையம் லாட்ஜில் பழகிய ஒருவர், "லேசரில் ஓடும் சின்ன புரோட்டான் மெஷின் வந்துவிட்டது, பாதி விலைதான், 50 ஆயிரம் முன்பணம் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். புரோட்டான் சிகிச்சை என்பது எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் என்ற அணுத்துகளைக் கட்டியில் செலுத்தும் கதிர்வீச்சு; குறித்த ஆழத்தில் அது நின்றுவிடும். லேசரில் ஓடும் அப்படியொரு மெஷின் எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளுக்கு ஓடவில்லை. மெல்லிய தகட்டில் லேசரை அடித்துப் புரோட்டானைக் கிளப்புவது ஆய்வகத்தில் நடக்கிறது. ஆனால் அவை பல வேகத்தில் கலந்து வருகின்றன. கட்டி இருக்கும் ஆழத்தில் நிற்கும் என்று நம்பி ஆளைப் படுக்க வைக்க முடியாது. 30 செ.மீ. ஆழம் போக 230 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதைத் தரும் வழக்கமான சைக்ளோட்ரான் (புரோட்டானை வேகமாக்கும் இயந்திரம்) மட்டுமே 200 டன்னுக்கு மேல். அப்புறம் இரண்டு மீட்டர் கான்கிரீட் சுவர். ஒற்றை அறை மெஷின்கள் வந்து செலவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னை தரமணியில் 2019 முதலும், நவி மும்பை கார்கர் டாடா மையத்தில் 2023 முதலும் புரோட்டான் தருகிறார்கள். லாட்ஜ் வழியாக யாரும் இடம் பிடித்துத் தர முடியாது. போன மாதம் ஒரு பெரியவர் எனக்கு ரசீது ஒன்றைக் காட்டினார். மஞ்சள் தாளில் 'புரோட்டான் ஸ்லாட்' என்று பேனாவால் எழுதியிருந்தது. முத்திரை இல்லை, ஒரு செல் நம்பர் மட்டும். அடித்துப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். இரண்டு கறவை மாட்டை விற்ற பணம் அது.

உங்கள் அப்பாவுக்குப் புரோட்டான் தேவையே இல்லை. 450 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. இரண்டு வருடம் கழித்தும் குடல் தொந்தரவில் புரோட்டானுக்கும் நவீன எக்ஸ்ரே சிகிச்சைக்கும் வித்தியாசம் இல்லை. வேலூரிலேயே உள்ள லீனாக் (எக்ஸ்ரே சிகிச்சை தரும் மெஷின்) போதும்.

குழந்தை என்றால் வேறு பேச்சு. சில வகைச் சிறுமூளைக் கட்டிக்கு முதுகுத்தண்டு முழுக்க கரண்ட் வைக்க வேண்டிவரும். எக்ஸ்ரே முதுகில் நுழைந்து இதயம், நுரையீரல், தைராய்டு எல்லாவற்றையும் தொட்டு முன்பக்கம் வெளியேறும். புரோட்டான் தண்டோடு நின்றுவிடும். அந்தப் பிள்ளை இன்னும் அறுபது வருடம் வாழ வேண்டுமே! அறுவை முடிந்து ஆறு, ஏழு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய சிகிச்சை இது. காப்பீட்டுக் கோப்போ மேசை மேசையாக உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெற்றோர்களே, காப்பீட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரே மையத்துக்குப் போய்விடுங்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பிளானிங் சி.டி. (சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேன்) அன்று மலக்குடல் காலியாகவும் மூத்திரப்பை நிறைந்தும் இருக்கட்டும். எவ்வளவு தண்ணீர், எப்போது என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். சிகிச்சை முடியும்வரை தினமும் அதே அளவு குடிக்க வேண்டும்.